மழை பொறுக்கிய ஆடுகள்

கொள்ளிடக் கரையில் செம்மறி வளர்ப்பவர்களைப் பார்த்து ஸ்ரீரங்கத்தில் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கொஞ்ச நாள் தண்ணீர், கொஞ்ச நாள் சேறு, மிச்ச நாளெல்லாம் கொசு என்று இருக்கிற இடத்தில் வாழை வளரும், நெல் வளரும். செம்மறி வளருமா? ஆனாலும் மேலூருக்கு மேற்கே படுகை ஓரமாக, என் பக்கத்து வீட்டில் வளர்ந்தது. வீடு பிச்சையினுடையது. ஆடு அவன் பெண்டாட்டி மாரியாயியினுடையது. இதை நான் சொல்லவில்லை, பிச்சையே சொல்வான். ஆட்டு விஷயத்தில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வான்.

நான் வாழை இலை அறுத்துக் கட்டி ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் போடுகிறவள். என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடிவதற்குள் இலைக்கட்டோடு போய்விட்டு வெயில் ஏறத் திரும்பினால், அதற்கப்புறம் எனக்குப் பக்கத்து வீடுதான் உலகம். அதனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

மாரியாயி வையம்பட்டிப் பக்கத்துப் பெண். அங்கே மண் சிவப்பு, மழை எப்போதாவது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் ஐப்பசியில் அவள் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஊர்ல மனுசன் இருப்பானாக்கா? தவளைதான் இருக்கும்" என்று என்னிடம் சொல்லி அழுதாள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து நான்தான் தடவிவிட்டேன். அப்புறம் அவளும் தேறினாள். அயிரை மீன் ஆயக் கற்றுக்கொண்டாள். வாழைப்பூவில் கள்ளன் எடுக்கும்போது கை கறுப்பதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டாள்.

அவள் வந்தபோது பிச்சை வீட்டில் ஒரு சின்ன மந்தை இருந்தது. குட்டைக் கால், கறுத்த மூஞ்சி, சுருண்ட சின்னக் காது. லட்சணம் என்று ஒன்றும் கிடையாது. படுகை ஆடு என்று சொல்வோம். அவளுடைய அண்ணன் மூக்கன் முதல் தடவை வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ஆடு மேய்க்கிறீங்களா, பன்னி மேய்க்கிறீங்களா?" என்று கேட்டார். பிச்சைக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும் போல.

மூக்கன் கிடைக்காரர். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை ராத்திரிக்கு மடக்கிப் போட்டால் அதன் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல் அளப்பார். மாசி பிறந்ததும் வையம்பட்டியிலிருந்து மந்தையை ஓட்டிக்கொண்டு, மணப்பாறை வழியாக நடந்தே வந்து, வற்றிய காவேரி மணலில் இறங்கி எங்கள் பக்கம் ஏறுவார். அவருடைய ஆடுகள் வரும் புழுதி முதலில் தெரியும், அப்புறம் சத்தம், அப்புறம்தான் ஆடு. ஒவ்வொன்றும் நெட்டை நெட்டையாக, வெள்ளையும் செவலையுமாக, கழுத்தைத் தூக்கிக்கொண்டு வரும். கல்லையும் முள்ளையும் மிதித்து நாள் கணக்கில் நடந்த ஆடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வரும்போது தங்கைக்கு ஒரு கிடா கொண்டுவருவார். அது பிறந்த வீட்டுச் சீர். கொம்பில் மஞ்சள் தடவி, கழுத்தில் கதம்பம் கட்டி, தெருவே பார்க்க வாசலில் நிறுத்துவார். மாரியாயிக்கு அப்பா அம்மா இல்லை. அந்தக் கிடாவோடு வருகிற அண்ணன்தான் அவளுக்குப் பிறந்த வீடு. பதிலுக்கு அவள் தன் மந்தையிலிருந்து ஒரு மறிக்குட்டியைப் பிடித்துக் கொடுப்பாள், பெட்டையாகப் பார்த்து, கண்ணுக்கு நல்லதாகப் பார்த்து. ஒரு வருஷம் தவறாமல் இப்படி நடந்தது.

நெட்டைக் கிடா வந்ததும் மந்தையில் இருக்கிற குட்டைக் கிடாக்களை முட்டித் தள்ளிவிட்டுத் தானே ராஜாவாகிவிடும். ஆடியில் பிறக்கும் குட்டிகள் நெட்டைக் காலோடு, துறுதுறுவென்று துள்ளும். பார்க்கிறவர்கள் கண் வைக்காமல் போக மாட்டார்கள். ஐப்பசி அடைமழை பிடித்ததும் அதே குட்டிகள் ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும். குளம்பு அழுகும், மேய முடியாது, மூலையில் படுக்கும், அவ்வளவுதான். சீராக வந்த கிடாவும் அதே வழிதான். கண்ணேறு என்றாள் ஒருத்தி. கொள்ளிடத்துக் காற்று என்றாள் இன்னொருத்தி. மாரியாயி சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டாள். தை வந்ததும் வெயில் அடிக்கும், செத்தது மறந்துபோகும், மாசியில் அண்ணன் புதுக்கிடாவோடு வந்து நிற்பார்.

அறுபத்தொன்று ஆடியில் வெள்ளம் வந்தது. காவேரியும் கொள்ளிடமும் ஒன்றாகிவிடுமோ என்று ஸ்ரீரங்கமே பயந்துபோன வெள்ளம். படுகை முழுக்க முங்கியது. ஆடுகளைக் கரை மேல் ஏற்றி, சாக்கும் கீற்றும் போட்டு ஒரு கொட்டகை கட்டினோம். தண்ணீர் வடிந்த பின்னும் சேறு வடியவில்லை. அந்தச் சேற்றிலேயே குட்டிகள் பிறந்தன, அந்தச் சேறு காய்வதற்குள் ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

அந்த மழைக்காலத்தில் மாரியாயி பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு ஆட்டையும் மல்லாத்திப் போட்டு, குளம்பு இடுக்கில் ஏறியிருக்கிற சேற்றை வேப்பங்குச்சியால் நோண்டி எடுப்பாள். வெந்நீரில் கழுவி, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலை முக்கிப் பிடிப்பாள். அப்புறம் துணியால் துடைத்து வேப்பெண்ணெய். ஒரு சுற்று முடிவதற்குள் முதலில் செய்த ஆடு மறுபடி சேற்றில் நிற்கும். நானும் உட்கார்ந்து பிடித்தேன். என் புடவையெல்லாம் ஆட்டு நாற்றம். இலை கொண்டுபோகிற வீட்டில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இலையை வாங்கினாள்.

மயில்துத்தம் கொண்டுவந்து கொடுப்பது கம்பவுண்டர் லூர்து. மாட்டாஸ்பத்திரியில் வேலை. சைக்கிளைக் கரையில் சாத்திவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி வருவார். அவரும் ஊசி போட்டுப் பார்த்தார், மருந்து மாற்றிப் பார்த்தார். கார்த்திகைக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் மந்தையில் கால்வாசிதான் மிச்சம்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. மாரியாயி ஒரு குட்டியை மடியில் போட்டுக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கவனிச்சீங்களா? நிக்கிறதெல்லாம் கட்டையன் குட்டி" என்றாள்.

கட்டையன் என்பது ஒரு குட்டைக் கிடா. காயடிக்க வேண்டும் என்று பிச்சை இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்து மறந்துபோன கிடா. சீர்க்கிடா அசந்த நேரத்தில் அதுவும் ஏதோ நாலைந்து பெட்டைகளைப் பார்த்திருக்கிறது.

லூர்து சிரித்தார். "எப்படிக்கா சொல்றீங்க? அப்பன் பேரை நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"மூஞ்சியிலதான் ஒட்டியிருக்கு, பாருங்க. இந்தக் காது யாரு காது? இந்தக் காலு யாரு காலு?"

அவர் குனிந்து குளம்பை விரித்துப் பார்த்தார். பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்ற நெட்டைக் குட்டி ஒன்றையும் பிடித்துப் பார்த்தார். "ஆமாக்கா. இது நெருக்கமா, கெட்டியா இருக்கு. சேறு உள்ள போகல. அது அகலமா விரியுது. கல்லுத் தரையில நடக்க அது தோதுதான். இங்க சேத்தை வாரி உள்ள வச்சுக்குது."

"அதைத்தான் சொல்றேன். எங்கண்ணன் ஆடு அங்க பொறந்து அங்க வளர்ந்து, அந்த வெயிலுக்கும் கல்லுக்கும் நின்னதுல வந்தது. இது இங்க நின்னதுல வந்தது."

"நீங்களும் வையம்பட்டிதானேக்கா? நீங்க இங்க நிக்கலியா?"

"நான் நிக்கறதுக்கு எத்தனை வருசமாச்சு, இந்தா இந்த அக்காவைக் கேளுங்க. குட்டிக்கு ஏது தம்பி அத்தனை வருசம்? பொறந்த மூணாம் மாசம் அடைமழை வந்து நிக்குது."

மாரியாயி குட்டியை இறக்கிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வந்தப்ப இந்த மந்தை பூராவும் படுகை ஆடுதான். மழைக்கு ஒண்ணு ரெண்டு போகும், மிச்சம் நிக்கும். இப்ப பாருங்க. மழை ஒவ்வொரு வருசமும் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி வைக்குது. மாசி வந்தா எங்கண்ணன் கிடாவைக் கொண்டாந்து விட்டு அதைக் கலைச்சுடுறாரு. மறுபடி முதல்லேருந்து. நானும் மாலை போட்டு வாங்கிக் கட்டுறேன்."

"அப்ப இனிமே கட்டையனே போதும்னு இருக்கப் போறீங்களா?" என்று லூர்து கேட்டார். "ஒண்ணு சொல்றேங்க்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரேயடியா கதவைச் சாத்திட்டாலும் ஆகாது. அப்பன், மவ, பேத்தின்னு ஒரே ரத்தத்துக்குள்ள ஈண்டுக்கிட்டே போனா குட்டி சூம்பிப் பொறக்கும். அதையும் நான் பார்த்திருக்கேன். எப்பவாவது வெளியிலேருந்து ஒண்ணு வரணும். வந்ததோட குட்டியில மழைக்கு நிக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழிச்சுடணும்."

"எப்பவாவதுங்கறது சரி தம்பி. வருசா வருசம்னாதான் தாங்கல."

அவள் தீர்மானம் செய்துவிட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் என் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள், "கிடாவை வேணாம்னு சொன்னா அண்ணனையே வேணாம்னு சொன்ன மாதிரி எடுத்துக்குவாருக்கா. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா? ஆனா இன்னொரு மழைக்கு வாங்கிக் கட்டினேன்னா எனக்கு மந்தையே இருக்காது." சொல்லிவிட்டு முறத்தை ஒரு தட்டு தட்டினாள். எனக்குத்தான் பயமாக இருந்தது.

மாசியில் மூக்கன் வந்தார். அந்த வருஷத்துக் கிடாவைப் பார்த்து நானே அசந்து போனேன். கன்றுக்குட்டி உயரம். முறுக்கிய கொம்பு, பால் வெள்ளை உடம்பு. பெரிய கதம்பமாகக் கட்டியிருந்தார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"பாரு மாரி, போன வருசம் வெள்ளத்துல உனக்கு ரொம்பச் சேதம்னு கேள்விப்பட்டேன். அதான், மந்தையிலேயே முதல் கிடாவைக் கொண்டாந்துட்டேன்" என்றார். "நீ குடுத்த மறி இருக்கே, அது ரெண்டு குட்டி போட்டுருச்சு. ஜோடியா நிக்குது. அண்ணி உனக்குச் சொல்லச் சொன்னா."

மாரியாயி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், வாழைத்தண்டுப் பொரியல் செய்திருந்தாள். சாப்பிட வைத்துவிட்டு மெதுவாகச் சொல்லடி என்று நான் சொல்லியிருந்தேன். கேட்டால்தானே.

"அண்ணே, கிடா வேணாண்ணே" என்றாள்.

"என்னாது?"

"உன் கிடாவுல குத்தம் ஒண்ணும் இல்ல. உன் ஊருக்கு அது ராசா. ஆனா இந்தச் சேத்துக்கு அதோட குட்டி நிக்க மாட்டேங்குது. எத்தனை வருசமா பார்த்துட்டேன். இந்த வருசம் வேணாம்."

"மழைக்குச் செத்தா என் கிடா என்ன பண்ணும்? நல்லா மேய்ச்சிருந்தா நின்னிருக்கும்."

"நல்லா மேய்ச்சேண்ணே. இந்தக் கையைப் பாரு, துத்தம் பட்டுத் தோலு உரிஞ்சு கெடக்கு."

மூக்கன் கையைப் பார்க்கவில்லை. "தெருவுல நாலு பேரு நிக்கிறாங்க மாரி. உள்ள கொண்டுபோய்க் கட்டு, அப்புறம் பேசிக்கலாம்."

"கட்டினா அப்புறம் பேச ஒண்ணும் இருக்காதுண்ணே."

பிச்சைக்கு மச்சானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல மனசுதான் அவனுக்கு. நல்லது செய்யப்போய்த்தான் எப்போதும் கெடுப்பான். "விடுங்க மச்சான், அவ கெடக்கா. சீரை நான் வாங்கிக்கறேன். உள்ள கட்டிட்டு, அப்புறமா வேணும்னா காயடிச்சு விட்டுட்டா ஆச்சு" என்றான்.

மூக்கன் முகம் செத்துப்போயிற்று. "என் சீரைக் காயடிப்பீங்களா மாப்ள?"

தெருவில் யாரோ சிரித்தார்கள்.

மாரியாயி குறுக்கே வந்தாள். "அவருக்குப் பேசத் தெரியாதுண்ணே. நீ சாப்பிடு, வா. இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஐயங்கார் வயல்ல கிடை போடறப்ப உன் கிடாவெல்லாம் என் பெட்டை பக்கம் வராம பார்த்துக்க. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி" என்றார் மூக்கன். கிடாவின் கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார். மாரியாயி சோற்றுப் பானையை மூடி வைத்தாள். பிச்சையைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு நான் வயல் வழியாகப் போனபோது ஒரு காட்சி. மூக்கனின் மந்தையில் இருக்கிற அத்தனை கிடாக்களுக்கும் வயிற்றுக்கு அடியில் சாக்குத் துண்டு கட்டியிருக்கிறது. முதுகு மேல் முடிச்சு. பெட்டையிடம் போனாலும் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு கிடாவும் கோவணம் கட்டிக்கொண்டு, அவமானப்பட்ட முகத்தோடு நின்றது. வயல்காரரான ஐயங்கார் காலைச் சந்தியாவந்தனம் முடித்துவிட்டு வரப்பில் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடா மூக்கா இது அபசாரம்! கிடாவுக்கெல்லாம் உபநயனம் பண்ணி வச்சிருக்கியா?"

"என் தங்கச்சி உத்தரவு சாமி" என்றார் மூக்கன். "எங்க ரத்தம் இந்த ஊருக்கு ஆகாதாம்."

இந்தச் செய்தி சித்திரை வீதி வரை போய்விட்டது. எனக்கு இலை போடுகிற வீட்டிலெல்லாம் இதே பேச்சு. நான் வந்து மாரியாயியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "கோவத்துலகூட சொன்னதைச் செஞ்சுட்டாரு பாருக்கா எங்கண்ணன்" என்றாள். பேசின நாளுக்குக் கிடையைப் போட்டு முடித்துவிட்டு, மூக்கன் மந்தையை ஓட்டிக்கொண்டு கொள்ளிடத்து மணலில் இறங்கி வடக்கே போனார். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அந்த ஆடியில் பிறந்ததெல்லாம் கட்டையன் குட்டி. பார்க்கச் சகிக்காது. உருண்டை உருண்டையாக, கறுத்த மூஞ்சியோடு, தாய் மடிக்கு எட்டாமல் எம்பி எம்பிப் பால் குடித்தது. ஐப்பசி வந்தது. வெள்ளம் இல்லையே தவிர மழை நல்ல மழை. மாரியாயி வேப்பங்குச்சியும் துத்தமும் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டிகள் சேற்றில் இறங்கிக் கோரையைக் கடித்துக்கொண்டு, முழங்கால் நனைய நின்று அசை போட்டன. ஒன்றிரண்டு போயிற்று, நொண்டிய மற்றவை தேறின. கார்த்திகை தீபத்தன்று நான் போய்ப் பார்த்தபோது கொட்டகை நிறைய ஆடு. அவள் ஒவ்வொன்றின் காதையும் பிடித்து இழுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறு மாசியில் மூக்கன் வரவில்லை. திருவெள்ளறைப் பக்கம் கிடை போட்டிருக்கிறார் என்று லூர்து வந்து சொன்னார். நம் ஊர் எல்லையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். மாரியாயி அன்று சாயங்காலமே அயிரை மீன் வாங்கி ஆய்ந்து வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் அயிரை மீன் குழம்பு வைத்து, சோற்றை வடித்துத் தூக்கில் அடைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"வாக்கா, போயிட்டு வருவோம்."

"பிச்சை வரலியா?"

"அவரு வாயைத் திறந்தா சமாதானமாக இன்னும் நாலு வருசம் ஆகும்" என்றாள்.

டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடித்தோம். மீன் குழம்பு வாசனைக்குக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க இரண்டு தடவை எங்களிடம் வந்தார். திருவெள்ளறையில் இறங்கிக் கோயிலைத் தாண்டி நடந்தோம். அறுத்த வயலில் மந்தை பரந்து நின்றது. புளியமரத்து நிழலில் மூன்று கல் வைத்து மூக்கன் பெண்டாட்டி வேலம்மாள் கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். மூக்கன் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக் கோலால் தரையைக் கீற ஆரம்பித்தார்.

"வாம்மா மாரி, வாங்கக்கா" என்று வேலம்மாள்தான் எழுந்து வந்தாள்.

மாரியாயி தூக்கை வைத்துவிட்டு நேராக மந்தைக்குள் போனாள். ஆட்டுக்காரியின் புத்தி அது. முதலில் ஆட்டைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் நெட்டை ஆடு. கடைசியாக ஒரு மூலையில் ஒற்றையாய்ப் படுத்திருந்த ஒரு கறுத்த மூஞ்சிக் கிழப் பெட்டையின் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது நான் குடுத்ததுதானே? மிச்சதெல்லாம் எங்க? ஜோடிக் குட்டி போட்டுச்சே, அதெங்க?"

வேலம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"ஊர்ல விட்டுட்டு வந்திருக்கோம்" என்றார் மூக்கன், தரையைப் பார்த்தபடியே.

"ஆமா, ஊர்லதான் இருக்கு. மண்ணுக்குள்ள இருக்கு" என்றாள் வேலம்மாள். "எத்தனை நாளைக்குத்தான் மூடி வைப்பீங்க? உன் மறி ஒண்ணும் எங்க சித்திரைக்கு நிக்கலம்மா. மத்தியானமானா தண்ணி வேணுங்குது. எங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்ல. முள்ளுக்காய் தின்னத் தெரியல. அரை மைல் நடந்தா நாக்கைத் தள்ளிட்டுப் படுத்துக்குது. அதுக்குப் பொறந்த குட்டியும் அப்படியே. இது ஒண்ணுதான் மிச்சம். அதுவும் எப்படி? வையம்பட்டிலேருந்து இவரு தோள்ல தூக்கிட்டு வராரு. வளர்ந்த ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கிற கிடைக்காரன் இந்த ஜில்லாவுல இவரு ஒருத்தருதான்."

"வாயை மூடுடி" என்றார் மூக்கன். ஆனால் அதில் சத்தம் இல்லை.

மாரியாயி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "வருசா வருசம் நல்லா இருக்கு, குட்டி போட்டுச்சுன்னு சொன்னியேண்ணே."

"வேற என்ன சொல்லச் சொல்ற? தங்கச்சி ஆசையாப் புடிச்சுக் குடுத்தது. செத்துப்போச்சுன்னு சொல்லுவேனா?"

"எனக்கு மட்டும் ஆசையில்லியா? நானும் முதல் நாலஞ்சு வருசம் உன்கிட்ட வாயைத் திறக்கல."

"அப்புறம் திறந்தல்ல."

"திறந்தேன். திறக்கலைன்னா மந்தையே போயிருக்கும். இப்ப போய்ப் பாரு, கொட்டகை கொள்ளல."

மூக்கன் தலையைத் தூக்கினார். "நெசமாவா? இந்த மழைக்கு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எல்லாமா?"

"ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம்."

அவர் முகத்தில் கோபத்தோடு கோபமாக ஒரு சந்தோஷம் வந்தது. அவரும் ஆட்டுக்காரர்தானே. குளம்பு எப்படி இருக்கிறது, எந்தப் புல்லைக் கடிக்கிறது, பால் எப்படி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவள் சொல்லச் சொல்ல, வேலம்மாள் தூக்கைத் திறந்து குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிடுகிறோம் என்பது பாதியில்தான் அவருக்கு நினைவு வந்தது. அதற்கப்புறம் நிறுத்த அயிரை மீன் விடவில்லை.

"உன்னை நான் ஊர் சிரிக்க வச்சுட்டேன்" என்றார், கையைக் கழுவும்போது. "கிடாவுக்குச் சாக்கு கட்டினது தப்பு."

"நல்ல காரியம்ணே அது. அதனாலதான் குட்டி கலக்காம வந்துச்சு."

"அப்ப இனிமே எனக்கும் உனக்கும் ஆட்டுக் கொடுக்கல் வாங்கலே கிடையாதா? அண்ணன் தங்கச்சின்னு எதை வச்சுச் சொல்றது?"

"அண்ணன் தங்கச்சின்னு சொல்றதுக்கு ஆட்டைச் சாகக் குடுக்கணுமா?" என்றாள் மாரியாயி. "வேணுங்கறப்ப கேக்கறேன். கட்டையன் பேத்திக்கெல்லாம் கட்டையனே புருசனா இருக்க முடியாது. லூர்து தம்பியும் அதைத்தான் சொல்லுது. ஒரு நாள் வெளிக்கிடா வேணும். அன்னிக்கு உன்கிட்ட வராம யாருகிட்ட போவேன்? ஆனா அது எப்பன்னு நான் சொல்லணும்."

கிளம்பும்போது மூக்கன் பழக்கத்தில் மந்தையைப் பார்த்தார், அவளும் பழக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் எடுக்காமல், ஒன்றும் கொடுக்காமல் நடந்தார்கள். ரோடு வரை வந்து எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

அறுபத்து நாலு மாசியில் மேலூர்த் தெரு புழுதியைப் பார்த்தது, சத்தத்தைக் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். மூக்கன் மந்தையை வயல் பக்கம் ஒதுக்கிவிட்டு, வேட்டியை இறக்கிக் கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவின் நடுவே நடந்து வந்தார். கையில் கயிறு இல்லை, கிடா இல்லை, ஒரு சீப்புப் பழம்கூட இல்லை. பழைய சாக்குக் கதையை மறக்காத ஒருத்தி, "என்ன கிடைக்காரரே, தங்கச்சிக்கு இந்தத் தடவை என்ன சீரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மூக்கன் தெரு முழுக்கக் கேட்கிறாற்போல. "என் தங்கச்சி வேணாம்னுட்டா. அவளுக்கு ஆடு பார்க்கத் தெரியும்."

மாரியாயி வாசலுக்கு வந்து நின்றாள். பிச்சை புத்திசாலித்தனமாக வாயைத் திறக்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். மூக்கன் குடித்துவிட்டு, கொட்டகைக்குப் போய், குட்டைக் குட்டைக் கறுப்பு ஆடுகளை நெடுநேரம் பார்த்தார். ஒன்றைப் பிடித்துக் குளம்பை விரித்துப் பார்த்தார். விட்டார்.

"சின்னக் குட்டிங்க ரெண்டு கொஞ்சம் சூம்பினாப்புல இருக்கே மாரி."

"நானும் பார்த்தேன். அடுத்த சித்திரைக்கு வையம்பட்டிக்கு வரேன். ஒரு கிடா வேணும்."

"முதல் கிடாவைக் கட்டி வைக்கிறேன்."

"முதல் கிடா வேணாம். நெட்டையும் வேணாம். குளம்பு நெருக்கமா, கால் கட்டையா, நீ கழிச்சு ஒதுக்கி வச்சது ஒண்ணு இருக்கும்ல, அது வேணும். நானே வந்து பொறுக்கறேன்."

மூக்கன் அவளைப் பார்த்தார். "எந்த ஊர்லயாவது தங்கச்சி பொறந்த வீட்டுச் சீரைப் பொறுக்கி எடுத்துட்டுப் போவாளா?"

"நான் எடுப்பேன்" என்றாள் மாரியாயி. "நீ குடுப்ப."